சாயர் பாயிண்ட்ஒன் வாளி ஃபில்டர்: பணித்தளத்துக்குப் புறப்படுகிறவர்கள் வாங்கலாமா?

வாங்கலாம். குழாய்த் தண்ணீர் எட்டாத இடத்தில் மாதக்கணக்கில் தங்கப்போகும் மிஷனரிக் குடும்பத்தின் பெட்டியில், எடைக்கு இவ்வளவு உழைக்கும் பொருள் வேறு அதிகம் இருக்காது. ஆனால் "இது இருக்கிறது, இனித் தண்ணீரைப் பற்றிக் கவலையில்லை" என்ற எண்ணத்தோடு வாங்குகிறவர்கள் கொஞ்சம் பொறுத்து வாங்கட்டும். இது செய்கிற வேலை பெரியது. செய்யாத வேலைகளும் உண்டு. அவற்றை அட்டைப்பெட்டி அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை.

கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் உருளைதான் ஃபில்டர். உள்ளே நுண்ணிய வெற்றுக்குழல் நார்கள் கட்டாக மடக்கி வைக்கப்பட்டிருக்கின்றன; சிறுநீரக டயாலிசிஸ் கருவியில் பயன்படும் அதே வகைத் தொழில்நுட்பம். நாரின் சுவரில் உள்ள துளைகள் 0.1 மைக்ரானைத் தாண்டாது (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). அந்தச் சுவரைக் கடந்துதான் தண்ணீர் வெளியே வந்தாக வேண்டும். மின்சாரம் தேவையில்லை, பாட்டரி இல்லை, மாதாமாதம் மாற்ற வேண்டிய கார்ட்ரிட்ஜ் இல்லை. வாளியை உயரத்தில் வைத்தால் தண்ணீர் தானாக இறங்குகிறது. கிட்டில் ஃபில்டருடன் வாளியில் பொருத்தும் இணைப்பு, ரப்பர் வாஷர்கள், ஹோஸ், வாளியில் துளை போடும் சிறு கட்டர், ஃபில்டரைத் தொங்கவிடும் கொக்கி, கழுவுவதற்கான சிரிஞ்ச் ஆகியவை வருகின்றன. வாளி நம்முடையது.

எது நிற்கும், எது நழுவும்

காலரா, டைஃபாய்டு, சீதபேதி ஆகியவற்றின் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய அரை மைக்ரான் தடிமனாவது இருக்கும். 0.1 மைக்ரான் துளையில் அவை நுழைய முடியாது. வயிற்றுப்போக்கு தரும் ஒட்டுண்ணிகளில் ஜியார்டியாவின் கூடு 8 முதல் 12 மைக்ரான், கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6 மைக்ரான், இரண்டும் நின்றுவிடும். இதில் கிரிப்டோஸ்போரிடியம் முக்கியம். சாதாரணக் குளோரின் அளவுக்கு அது அசைந்து கொடுக்காது. குளோரின் மாத்திரை போட்ட தண்ணீரையே குடித்தும் வயிற்றுப்போக்கு நிற்காத வீடுகளில் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த இடத்தில் இந்த ஃபில்டர் தன் மதிப்பைக் காட்டும்.

வைரஸ் வேறு கதை. ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் ஏறக்குறைய 0.03 மைக்ரான். போலியோவும் நோரோவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ரோட்டா 0.07 மைக்ரான் அளவில் இருக்கும். 0.1 மைக்ரான் துளை இவற்றுக்குத் திறந்த வாசல். மக்கள் புழங்கும் இடத்துக்குக் கீழே ஓடும் ஆறு, கழிவுநீர் கலக்கும் குளம், வெள்ளத்தில் மூழ்கிய கிணறு இவற்றிலிருந்து எடுத்த தண்ணீருக்கு ஃபில்டர் மட்டும் போதவே போதாது. மலை உச்சியில் பாறையிலிருந்து ஊறும் நீருக்கு ஆபத்து குறைவு. ஆனால் மிஷனரி வேலை மனிதர் நடுவில் நடப்பது; மலையேறுகிறவர்கள் எழுதும் மதிப்பீடுகளைப் படித்து முடிவெடுத்தால் இந்த இடத்தில்தான் ஏமாறுவோம்.

ஆகவே வடிகட்டிய பிறகு குளோரின். வாசனையோ சாயமோ சேர்க்காத, 5 முதல் 6 சதவீத வலுவுள்ள திரவ பிளீச் கிடைத்தால் தெளிந்த தண்ணீருக்கு லிட்டருக்கு 2 சொட்டு. 20 லிட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லி. கலக்கி, மூடி, 30 நிமிடம் விட வேண்டும். பிறகு முகர்ந்தால் மிக லேசான குளோரின் வாசனை இருக்க வேண்டும். இல்லையென்றால் அதே அளவை இன்னொரு முறை சேர்த்து இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கலாம். தண்ணீர் மிகக் குளிர்ந்திருந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். திரவ பிளீச் வெப்பத்தில் மாதக்கணக்கில் வைத்தால் வலுவிழந்துவிடும். அந்த வகையில் மாத்திரை மேல். ஒரு லிட்டருக்கான மாத்திரையும் 20 லிட்டருக்கான மாத்திரையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். அட்டையிலிருந்து பிரித்து வெறும் டப்பாவில் கொட்டி வைப்பது கெட்ட பழக்கம்.

முதலில் குளோரின், பிறகு ஃபில்டர் என்று மாற்றிச் செய்கிறவர்களும் உண்டு. கலங்கலில் உள்ள மண்ணும் இலைச்சாறும் குளோரினை விழுங்கிவிடும். கிருமிக்கு மிச்சம் இருக்காது. தவிர, ஃபில்டருக்குப் பின் சேர்த்த குளோரின் பாத்திரத்திலும் காவல் இருக்கும். நம் கணிப்பில் ஃபில்டர் உள்ள வீடுகளில் நோய் திரும்ப வரும் வழி பெரும்பாலும் அந்தப் பாத்திரம்தான். சுத்தமாக வடிந்த தண்ணீரில் கைபட்ட டம்ளரை முக்கி எடுத்தால் ஃபில்டர் இருந்தும் இல்லாத கணக்கு. வாய் குறுகிய, மூடியுள்ள, அடியில் குழாய் வைத்த பாத்திரத்தில்தான் பிடிக்க வேண்டும்.

கரைந்த பொருள்கள் எதையும் இது பிரிக்காது. ஆர்செனிக், புளோரைடு, நைட்ரேட், பூச்சிமருந்து, உப்பு எல்லாம் அப்படியே வரும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். அதில் ஆர்செனிக் இருந்தால் கண்ணுக்கோ நாவுக்கோ தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு ஆர்செனிக்குக்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், புளோரைடுக்கு 1.5 மில்லிகிராம். நீண்டகாலம் தங்கும் இடத்தில் கிணற்றுத் தண்ணீரை ஒருமுறையாவது ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்பதற்கு எந்த ஃபில்டரும் மாற்றில்லை.

உப்பைப் பற்றிச் சொல்லும்போது ஜான் பேட்டனை நினைக்காமல் இருக்க முடியாது. இன்றைய வனுவாட்டுவில் உள்ள அனிவா தீவுக்கு 1866இல் போன ஸ்காட்லாந்து மிஷனரி. நன்னீர் பஞ்சமான அந்தப் பவளத்தீவில் கிணறு தோண்டப் புறப்பட்டபோது, மழை மேலிருந்து வருமே தவிர கீழிருந்து வராது என்று தீவுத்தலைவர் நாமகேய் கவலைப்பட்டார். மிஷனரிக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்ற சந்தேகம் வேறு. தூண்டில் முட்களைக் கூலியாகக் கொடுத்து ஆட்களைச் சேர்த்தார் பேட்டன். பன்னிரண்டு அடி ஆழத்தில் ஒரு பக்கம் சரிந்ததும் அவர்கள் இறங்க மறுத்துவிட்டார்கள். அவரே தொடர்ந்து தோண்டினார். முப்பதடி வாக்கில் தண்ணீர் ஊறியது, அதுவும் குடிக்கத்தக்கது. பிறகு தீவின் வேறு இடங்களில் தோண்டியபோது பாறையோ உப்பு நீரோதான் கிடைத்தது. பேட்டன் தோண்டும்போதே உப்பு நீர் வருமோ என்று அஞ்சினார். அப்படி வந்திருந்தால் இந்த ஃபில்டர் பத்து இருந்தாலும் உதவியிருக்காது.

பொருத்துதல்

வாளி உணவுத்தரப் பிளாஸ்டிக்காக, மூடியுள்ளதாக, 20 லிட்டர் அளவில் இருக்கட்டும். பெயின்ட், பூச்சிமருந்து, எண்ணெய் இருந்த வாளி எத்தனை முறை கழுவினாலும் கூடாது. அவை பிளாஸ்டிக்கில் ஊறியிருக்கும், ஃபில்டர் அவற்றைத் தடுக்காது. துளையை அடியிலிருந்து ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் மேலே போட வேண்டும். அடியோடு போட்டால் படிந்த சேறெல்லாம் நேராக நாருக்குள் போகும். மிக மேலே போட்டால் ஒவ்வொரு முறையும் பல லிட்டர் தண்ணீர் வீணாக நிற்கும். வாளியின் சுவர் வளைவாக இருப்பதால் கட்டரை அவசரமாகத் திருகினால் துளை முட்டை வடிவமாகும். பிறகு எந்த வாஷரும் அதை அடைக்காது. மெதுவாக, நேராகப் பிடித்துத் திருக வேண்டும். ஓரத்தில் நிற்கும் பிசிரைக் கத்தியால் வழித்துவிட்டு, வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, நட்டைக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பானர் போட்டு இறுக்குகிறவர்கள் பிளாஸ்டிக் மரையை உடைப்பார்கள்.

உயரம்தான் வேகம். வாளியின் நீர்மட்டத்துக்கும் ஃபில்டர் வாய்க்கும் இடையே இடைவெளி கூடக் கூட நீர் விரைவாக இறங்கும். மேசைமேல் வாளி, தரையில் பாத்திரம் என்று வைத்தால், புதிய ஃபில்டரும் தெளிந்த தண்ணீருமாக இருக்கும்போது ஒரு குடும்பத்தின் நாள் தேவைக்குக் காலை ஒருவேளை போதும். முதல்முறை சொட்டுக்கூட வராவிட்டால் பதற வேண்டாம். ஹோஸில் காற்று அடைத்திருக்கும். ஃபில்டரை வாளியின் நீர்மட்டத்துக்குக் கீழேயே வைத்து, வாய் மேல்நோக்கியிருக்கும்படி பிடித்து லேசாகத் தட்டினால் காற்று வெளியேறித் தண்ணீர் வரும். பயன்படுத்தாத நேரத்தில் நீர்மட்டத்துக்கு மேலே கொக்கியில் தொங்கவிட வேண்டும். ஃபில்டரின் வெளிவாய் தரையையோ வாளியின் அழுக்குத் தண்ணீரையோ தொடக்கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் கொக்கியை அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் அடிப்பது உத்தமம். நேராக வாயை வைத்து உறிஞ்சுவதில் அவர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

கலங்கல் தண்ணீரை நேரடியாக ஊற்றுவது ஃபில்டரின் ஆயுளைச் சாப்பிடுவது. மழைக்காலத்து ஆற்றுத் தண்ணீரை வேறொரு பாத்திரத்தில் இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் நாலு மடிப்புப் பருத்தித் துணி வழியாக வாளியில் ஊற்ற வேண்டும். தெளியாத களிமண் கலங்கலுக்குப் படிகாரத்தைச் சுழற்றித் தெளியவிடலாம்.

பேக்வாஷ்: எல்லாம் கெடும் இடம்

இந்த ஃபில்டரைப் பற்றிய குறைகளில் பெரும்பங்கு, "ஆறு மாதத்தில் அடைத்துக்கொண்டது" என்பது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பேக்வாஷ் செய்யவில்லை, அல்லது மென்மையாகச் செய்தார்கள். வடிகட்டிய சுத்தமான தண்ணீரைச் சிரிஞ்சில் நிரப்பி, ஃபில்டரின் வெளிவாயில் பொருத்தி, எதிர்த்திசையில் பலமாக அழுத்த வேண்டும். மெல்ல அழுத்தினால் தண்ணீர் ஏற்கெனவே திறந்திருக்கும் நார்கள் வழியாகத் தப்பித்துப் போய்விடும். அடைத்த நார்கள் அடைத்தபடியே இருக்கும். எதிர்ப்பக்கம் வரும் நீர் தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். தெளிந்த தண்ணீருக்கு வாரம் ஒருமுறை, கலங்கல் காலத்தில் தினமும். வேகம் குறைந்த பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போட்டால் அழுக்கு இறுகிவிடும். அழுக்குத் தண்ணீரால் பேக்வாஷ் செய்வது இதைவிடக் கேடு. சுத்தமான பக்கத்திலேயே கிருமியை ஏற்றிவிடுகிறோம்.

கடினநீர் உள்ள இடங்களில் சுண்ணாம்பு படியும். அதற்குச் சிரிஞ்ச் மட்டும் போதாது. வெள்ளை வினிகரில் அரைமணி நேரம் ஊறவைத்து, பிறகு பேக்வாஷ். நீண்ட விடுப்புக்குப் போகுமுன் செய்ய வேண்டிய வரிசை இது: பேக்வாஷ், ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி பிளீச் கலந்து உள்ளே ஓடவிடுதல், நீரை உதறி, நிழலில் பல நாள் உலர்த்துதல். ஈரத்தோடு பையில் மூடி வைத்தால் உள்ளே பூசணம். காய்ந்த ஃபில்டர் திரும்பி வந்ததும் முரண்டு பிடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, சில முறை பலமாக அழுத்தினால் வழிக்கு வரும். 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான தண்ணீர் மட்டும் கூடாது. ஃபில்டரைக் கொதிக்க வைத்துச் "சுத்திகரிக்க" முயன்று பாழாக்கியவர்கள் இருக்கிறார்கள்.

உறைபனியும் அப்படியே. நனைந்த ஃபில்டர் உறைந்தால் உள்ளிருக்கும் நீர் விரிந்து நார்களைக் கிழித்துவிடும். வெளியே ஒரு கீறல் தெரியாது. தண்ணீர் முன்பைவிட நன்றாகவே ஓடும், அதுதான் பயங்கரம். குளிர்ப் பகுதியில் இரவில் ஃபில்டர் படுக்கைக்குள் இருக்க வேண்டும். உறைந்ததோ என்று சந்தேகம் வந்தாலே ஒதுக்கிவிட வேண்டும். முரட்டுச் சோதனை ஒன்று உண்டு: நனைந்த ஃபில்டரின் உள்வாயில், அதாவது அழுக்குப் பக்கத்தில், வாயால் ஊதிப் பார்ப்பது. நனைந்த நுண்துளைகள் வழியாக வாய்க்காற்று புகாது. குபுகுபுவென்று காற்று போனால் நார் அறுந்திருக்கிறது. காற்று போகவில்லை என்பதால் நல்ல ஃபில்டர் என்று சான்றிதழ் கொடுத்துவிடவும் முடியாது. வடிந்த நீரை ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பியில் ஊற்றி ஓரிரு நாள் வைத்து, கறுக்கிறதா என்று பார்ப்பது இன்னும் கொஞ்சம் நம்பகம்; கறுத்தால் தண்ணீரில் மலக்கிருமி இருக்கக்கூடும். குளோரின் சேர்க்குமுன் எடுத்த நீராக இருக்க வேண்டும்.

ஒரு ஃபில்டர் பத்து லட்சம் கேலன் தண்ணீரை வடிகட்டும் என்ற பேச்சு ஒருகாலத்தில் விளம்பரத்தில் இருந்தது. அதை எண்ணிக்கொண்டு வாங்கக்கூடாது. ஹோண்டுராஸில் வீடுகளில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு பயன்பட்ட ஃபில்டர்களைத் திறந்து ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், கழுவிய பிறகும் நார்களில் படிவு போகவில்லை என்று கண்டார்கள். வாழ்நாள் முழுவதும் உழைக்கும் என்று எண்ணாமல், நன்றாகப் பராமரித்தாலும் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியது என்று பட்ஜெட்டில் எழுதுவதே நியாயம்.

"தேவனை நம்புகிறவனுக்கு ஃபில்டர் எதற்கு?"

பொருள் மதிப்பீட்டில் இந்தக் கேள்விக்கு இடமில்லை என்று தோன்றலாம். ஆனால் பணித்தளத்துக்குப் புறப்படும் இளைஞர்கள் உண்மையாகவே கேட்கிறார்கள், சபைகளில் சிலர் கேட்க வைக்கிறார்கள். சாவுக்கேதுவான எதைக் குடித்தாலும் சேதப்படுத்தாது என்ற மாற்கு 16ஆம் அதிகார வாக்குத்தத்தத்தைத் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால் போதும் என்கிறார்கள். அதே சுவிசேஷங்களில், தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி சாத்தான் சொன்னபோது, கர்த்தரைப் பரீட்சை பாராதே என்று இயேசு மறுத்ததும் இருக்கிறது. நோயுற்றவர்களைச் சுகமாக்கிய பவுல், தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு ஜெபத்தோடு நிறுத்தாமல் ஒரு வைத்தியமும் எழுதியனுப்பினார்.

ஹட்சன் டெய்லர் 1853இல் சீனாவுக்கு மிஷனரியாகக் கப்பலேறியபோது வயது 21. தாயின் வற்புறுத்தலுக்காக ஒரு மிதவைக் கச்சை வாங்கி வைத்திருந்தார். புறப்பட்ட சில நாளிலேயே புயல் கப்பலைக் கரைப்பாறைகளை நோக்கித் தள்ளியது. கச்சை கையில் இருக்கும்வரை தேவனை முழுமையாக நம்ப முடியவில்லை என்று மனம் உறுத்த, அதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார், சமாதானம் வந்தது. பிறகு அவரே வேடிக்கையாகக் குறிப்பிடும் செய்தி இது: கச்சையைக் கொடுத்த கையோடு, கப்பல் மோதினால் மிதக்கக்கூடிய லேசான பொருள்களைச் சேர்த்துக் கட்டினார், அதில் எந்த முரண்பாடும் தோன்றவில்லை. கப்பல் தப்பியது. சாதனங்களைப் பயன்படுத்துவது விசுவாசத்துக்கு எதிரானதல்ல என்று பிற்காலத்தில் அவர் தெளிவாகச் சொன்னார்.

அப்போஸ்தலர் 27இல் பவுலின் கப்பலிலும் இதே நிலைமை. ஒருவர் உயிருக்கும் சேதம் வராது என்ற வாக்கு முன்பே வந்துவிட்டது. ஆனாலும் மாலுமிகள் படகில் நழுவப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று பவுல் எச்சரித்தார். கடைசியில் வாக்கு நிறைவேறியதும் பலகைகள்மேலும் உடைந்த துண்டுகள்மேலும்தான். ஃபில்டர் அந்தப் பலகைகளில் ஒன்று. பலகையைக் கும்பிட வேண்டியதில்லை, உதறவும் வேண்டியதில்லை. வயிற்றுப்போக்கை எளிதாக எண்ணுகிறவர்களுக்கு ஒரு வரி: இந்தியாவுக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரியின் மகன் பீட்டர் 1794இல் சீதபேதியில் இறந்தபோது அவனுக்கு ஐந்து வயது.

விருந்தாளியாகப் போகும்போது

இந்த ஃபில்டர் எட்டாத இடம் ஒன்று உண்டு: பக்கத்து வீட்டுத் திண்ணை. சீஷர்களை அனுப்பும்போது, அந்த வீட்டில் கொடுப்பதைப் புசித்துக் குடியுங்கள் என்றுதான் லூக்கா 10இல் ஆண்டவர் சொன்னார். நீட்டிய சொம்பைத் தள்ளிவிட்டுப் பையிலிருந்து ஃபில்டர் பாட்டிலை எடுக்கிறவரின் பிரசங்கத்தை அதற்குப் பிறகு யார் கேட்பார்கள்? இதற்குச் சூத்திரம் கிடையாது. கொதித்து ஆவி பறக்கும் பானம் கேட்டு வாங்கலாம், தோலுரித்து உண்ணும் பழத்தை மகிழ்ச்சியாக ஏற்கலாம். வழியில்லாதபோது ஜெபித்துக் குடிக்க வேண்டிய சூழ்நிலையும் வரும். அந்த இடத்தில் நம்பிக்கை என்பது வெறும் பேச்சாக இருக்காது. அதற்காகவே புறப்படுமுன் ஹெபடைட்டிஸ் ஏ, டைஃபாய்டு தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்டு முடித்துவிட வேண்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அவர்களுக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீரே, யார் வருத்தப்பட்டாலும்.

ஃபில்டரை மிஷனரி வீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்வதா என்ற கேள்வியும் உடனே வரும். கிராமத்துக்குக் கொடுக்கலாம், கொடுப்பது நல்லது. ஐம்பது ஃபில்டர்களை ஒரே நாளில் விநியோகித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் சிரிஞ்ச் தொலைந்திருக்கும், வாளியில் தானியம் இருக்கும். ஐந்து வீடுகளில் தொடங்கி, ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் தம் கையால் பேக்வாஷ் செய்து காட்டும்வரை கற்பித்து, முதல் மாதம் வாராவாரம் எட்டிப் பார்த்து, பிறகு அவர்களையே அடுத்த ஐந்து வீடுகளுக்குக் கற்பிக்க விடுவது மெதுவானது, நிற்பதும் அதுதான். ஆராதனைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் ஃபில்டர் என்று ஒருபோதும் வைக்கக்கூடாது. தண்ணீரைத் தூண்டிலாக்கினால் சுவிசேஷத்தின் பெயரே கெடும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்

லைஃப்ஸ்ட்ரா ஃபேமிலியின் துளை 0.02 மைக்ரான், வைரஸையும் தடுக்கும். அதன் முதல் மாடலுக்குச் சொல்லப்பட்ட ஆயுள் 18,000 லிட்டர். வைரஸ் ஆபத்து அதிகமான, குளோரின் கிடைக்காத இடத்துக்கு அதுவே மேல். ஆனால் துளை சிறியதாக இருப்பதால் மெதுவானது. பீங்கான் கேண்டில் ஃபில்டர் பல ஊர்களிலேயே செய்யப்படுவதால் உதிரி கிடைப்பது எளிது. மயிரிழை விரிசல் விட்டால் பயனில்லை. மணல் ஃபில்டர் நிலையான மிஷன் வளாகத்துக்கு அருமையானது. இடம் மாறுகிறவர்களுக்குச் சுமை, மணல்மேல் வளர்ந்து கிருமியைப் பிடிக்கும் உயிர்ப்படலம் உருவாக வாரங்கள் பிடிக்கும். கிருமியைக் கொல்வதில் கொதிக்க வைப்பதை எதுவும் வெல்ல முடியாது: தளதளவென்று ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். விறகுதான் சிக்கல்.

எதிர்பாராத நாளுக்கு

ஃபில்டர் உடையும், உறையும், திருடுபோகும், சாலை மூடி மாதம் முழுக்க உதிரி வராது. மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் 1867இல் ஆப்பிரிக்க உட்பகுதியில் இருந்தபோது மருந்துப் பெட்டியைச் சுமந்தவர் அதோடு ஓடிவிட்டார். மருந்து முழுவதும் அந்த ஒரே பெட்டியில். தமக்கு மரண தண்டனை வாசிக்கப்பட்டதுபோல உணர்ந்தார். நோய்கள் தொடர்ந்து அவரை அரித்தன. ஆகவே ஃபில்டர் இரண்டு வாங்கி இரண்டு வெவ்வேறு பைகளில் போடுங்கள். குளோரின் மாத்திரை மூன்றாவது பையில். எதுவும் இல்லாத நாளில் தெளிந்த பிளாஸ்டிக் பாட்டிலில், 2 லிட்டருக்கு மிகாமல், தண்ணீரை நிரப்பிக் கடும் வெயிலில் 6 மணி நேரம் படுக்கவைப்பது கைகொடுக்கும். மேகமூட்டமான நாள்களில் இரண்டு நாள். தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் இது பலிக்கும்.

யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தேவிட்டால் முதல் வேலை நீரிழப்பை ஈடுகட்டுவது. ஓஆர்எஸ் பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிட்டால் குழந்தைக்கு ஆபத்து, கண்ணீரைவிடக் கரிக்கக்கூடாது. மலத்தில் இரத்தம், குழந்தை சிறுநீர் கழிக்காமை, கண்கள் குழிவிழுதல், குடித்ததெல்லாம் வாந்தியாதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஜெபித்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க: இதே நிறுவனத்தின் மினி மாடல் இலகுவானது, ஆனால் மெதுவானது, விரைவில் அடைக்கும், அது நடைப்பயணத்துக்கு இருக்கட்டும், குடும்ப வாளிக்கு வேண்டாம். உதிரியாக இரண்டு சிரிஞ்ச், நாலைந்து வாஷர், ஒரு ஹோஸ் சேர்த்து வாங்குங்கள். தொலைவது எப்போதும் இவைதான். புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே வாளியில் துளை போட்டு, பூட்டி, வீட்டிலுள்ள எல்லாரும் ஆளுக்கொருமுறை பேக்வாஷ் செய்து பாருங்கள். வாஷர் கசிந்தால் அன்றைக்கே மாற்றிவிடலாம், கடை பக்கத்தில் இருக்கும்போதே.